டிடிஎஸ் டிஸ்க்கும் 65ஏ பிரிவும்

திரைப்படச் சட்டத்தின் 2023ஆம் ஆண்டுத் திருத்தம் வந்த பிறகு, மறுவெளியீட்டு வேலை செய்யும் ஒலிப் பொறியாளர்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: தியேட்டர் அலமாரியில் கிடக்கும் பழைய டிடிஎஸ் டிஸ்க்கைத் திறந்தால் வழக்கு வருமா? குறைந்தது மூன்று மாதம், அதிகம் மூன்றாண்டு சிறை. மூன்று லட்சத்தில் தொடங்கி மொத்தத் தயாரிப்புச் செலவில் ஐந்து சதவீதம் வரை அபராதம். அதைப் படித்தவர்கள் தயங்குவதில் வியப்பில்லை.

திறக்கலாம் என்பதே இந்த இதழின் நிலைப்பாடு. உரிமையாளரின் எழுத்துபூர்வ ஒப்புதலோடு, இப்போதே திறக்க வேண்டும்.

புதிய 6ஏஏ, 6ஏபி பிரிவுகள் தியேட்டருக்குள் படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்பவரையும், திருட்டுப் பிரதியை ஓட்டிக் காசு பார்ப்பவரையும் குறிவைப்பவை. தயாரிப்பாளர் கேட்டு, அவர் படத்தின் ஒலியை மீட்பவருக்கு அங்கே வேலையில்லை. நம்மைத் தொடக்கூடியது 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 65ஏ. அதுவும் உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைத்தான் குற்றம் என்கிறது. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத காரியத்துக்காகத் திறப்பதை அதன் இரண்டாம் உட்பிரிவே அனுமதிக்கிறது. ஒரு நிபந்தனை உண்டு. இன்னொருவர் திறக்க நீங்கள் உதவி செய்தால் அவர் பெயர், முகவரி, நோக்கம் எல்லாவற்றையும் எழுதிவைக்க வேண்டும். ஸ்டூடியோவில் இதற்கென ஒரு பதிவேடு இன்றே தொடங்குங்கள்.

டிஸ்க்கின் அருமை ஆப்பரேட்டர்களுக்குத் தெரியும். டால்பி டிஜிட்டல் ஒலி துளைகளுக்கு நடுவே பிரிண்டிலேயே அச்சாகியிருந்தது. பிரிண்ட் கழிவுக்குப் போனபோது அதுவும் போயிற்று. டிடிஎஸ்ஸில் பிரிண்டில் இருந்தது டைம்கோடு மட்டும். ஒலி படப்பெட்டியோடு தனியாக சிடியில் வந்தது. தமிழில் 1996இல் 'கருப்பு ரோஜா' தொடங்கி டிஜிட்டல் புரொஜெக்‌ஷன் வரும்வரை வெளியான பல படங்களுக்கு ஸ்டெம்மும் இல்லை, மாஸ்டரும் இல்லை. பொள்ளாச்சியிலோ கோபியிலோ ஏதோ ஒரு புரொஜெக்‌ஷன் அறையில் மிஞ்சிய டிஸ்க்தான் அந்த ஐந்து சேனல் மிக்ஸுக்கு எஞ்சிய சாட்சி.

திறந்ததும் அவசரப்பட வேண்டாம். டிடிஎஸ் டிஸ்க்கில் ஒலியைச் சுருக்கிய ஏபிடி-எக்ஸ்100 முறை நான்குக்கு ஒன்றாகச் சுருக்கியது, 44.1 கிலோஹெர்ட்ஸில் மொத்தம் வினாடிக்கு 882 கிலோபிட். ஆறாவது ஃபைலைத் தேடினால் கிடைக்காது. சப்வூஃபருக்கான ஒலி 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரவுண்ட் சேனல்களிலேயே ஏற்றப்பட்டிருக்கிறது. சண்டைக் காட்சியில் இடது, வலது சரவுண்டைத் தனியே போட்டுக் கேளுங்கள். அடிவயிற்றை அதிரவைக்கும் உறுமல் அங்கேதான் இருக்கும். அதைப் பிரிக்காமல் 5.1 என்று கொடுத்தால் மிக்ஸே குலைந்துவிடும். தியேட்டரில் சரவுண்டுகளைத் திரைச் சேனல்களைவிட 3 டெசிபல் குறைத்து அளவமைத்திருந்ததையும் மறக்காதீர்கள். டிவிக்காக 25 ஃபிரேமில் எடுத்த டேப்போடு நேரே பொருத்தினால், நிமிடத்துக்கு 2.4 வினாடி விலகும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருமுறை பிசிஎம்மாக விரித்த பிறகு மறுபடி ஏசி3யில் நசுக்கி அதையே ஆவணம் என்று வைக்காதீர்கள்.

இவையெல்லாம் நம் கையில் உள்ளவை. நம் கையில் இல்லாதது ஒன்று உண்டு. நாம் ஆண்டுக்கணக்கில் சொல்லியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளாதது அது.

வணிக நோக்கமற்ற பொது நூலகம் ஒரு படைப்பைப் பாதுகாப்புக்காக மின்னணு வடிவில் சேமிக்க, பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(என்) இடமளிக்கிறது. ஆனால் அந்த நூலகத்திடம் ஏற்கெனவே டிஜிட்டல் அல்லாத பிரதி இருக்க வேண்டுமாம். நம் டிஸ்க் பிறந்ததே டிஜிட்டலாக. அப்படியானால், மக்கிப்போன பிரிண்டை வைத்திருக்கும் நூலகம் அதை ஸ்கேன் செய்யலாம். அதே படத்தின் நல்ல டிஸ்க்கை வைத்திருக்கும் நூலகம் நகலெடுக்க உரிமையாளரைத் தேடி அலைய வேண்டும். கம்பெனி கலைந்து, வாரிசுகள் சிதறி, நெகட்டிவ் உரிமை பல கை மாறிய படத்துக்கு யாரைத் தேடுவது? 2012இல் இந்த வரியை எழுதியபோது, டிஸ்க்குகள் தியேட்டர்களில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஒரு ஒலிப் பொறியாளரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் இந்த ஓட்டை விழுந்திருக்காது.

புத்தகம் போட்டால் நூலகத்துக்குப் பிரதி கொடுக்க 1954இலேயே சட்டம் வந்துவிட்டது. திரைப்படத்துக்கு அப்படியொரு கட்டாயம் இன்றுவரை இல்லை. தேசியத் திரைப்பட மரபு இயக்கத்துக்கு 597 கோடி ஒதுக்கிய அரசுக்கு, ஒரு சட்ட வரியில் இரண்டு சொற்களை நீக்க நேரமில்லை. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் வெரைட்டி ஹால் கட்டிய ஊர் நம் கோவை. சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜாவும் இயங்கிய ஊர். அந்தக் காலத்து ஒலிச்சுருள்கள் போனது தெரியாமையால். இப்போது தெரிந்தே விடுகிறார்கள். திருட்டை ஒடுக்க 2012இலும் சட்டம், 2023இலும் சட்டம். திருத்தச் சட்டம் தணிக்கைச் சான்றிதழுக்குப் பத்தாண்டுக் கெடுவை நீக்கி, என்றென்றைக்கும் செல்லுபடியாக்கியிருக்கிறது. அந்தச் சான்றிதழ் பெற்ற படத்தின் ஒலியைக் காக்க மட்டும் ஒரு பிரிவும் இல்லை.

52(1)(என்)இல் அந்த நிபந்தனை போக வேண்டும். உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத படங்களுக்குத் தனி வழி வேண்டும். அதுவரை, கோவை ஏரியா தியேட்டர் உரிமையாளர்களிடம் ஒரு கோரிக்கை: கட்டடத்தை இடிக்கும் முன் புரொஜெக்‌ஷன் அறை அலமாரியைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். படப் பெயர், டிஸ்க் எண், ரீல் எண் மூன்றையும் குறித்து விநியோகஸ்தருக்கும் தயாரிப்பாளருக்கும் கடிதம் போடுங்கள். கடிதத்தின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.