மன்னிப்பும் நட்பும்

இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைச் சாகுபடி, கோல சிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில் 1917ஆம் ஆண்டு தொடங்கியது. அக்காலத்தில் தமிழர் தோட்ட லயங்களிலும், மலாய்க்காரர் கம்பங்களிலும், சீனர் மீனவக் கிராமங்களிலும் சிறுபட்டணங்களிலும் பெரும்பாலும் பிரிந்தே வாழ்ந்தனர். தொழிலால் ஏற்பட்ட இப்பிரிவு, ஒருவரையொருவர் அறியும் வாய்ப்பைக் குறைத்தது. அறியாமையால் ஐயம் பிறக்கும். ஐயம் முற்றினால் காழ்ப்பாகும். 1969 மே 13 கலவரம் இனக்காழ்ப்பின் கொடுமையை உணர்த்தியது. மறு ஆண்டு ஆகஸ்டு 31இல் ருக்குன் நெகாரா பிரகடனப்படுத்தப்பட்டது.

எனினும், கோட்பாடு மட்டுமே மனக்கசப்பைப் போக்கிவிடாது. ஒருவர் கூறிய இழிசொல்லுக்காக அவருடைய இனம் முழுவதையும் வெறுப்பது நியாயமா? மன்னிப்பதால் நாம் தாழ்ந்துவிடுவதில்லை. தவற்றைச் சுட்டிக்காட்டலாம், நீதியும் கோரலாம். பழிவாங்கும் எண்ணத்தையே கைவிட வேண்டும். பொறையுடைமைக்கென்றே திருவள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்துள்ளார்.

மன்னித்தால் பகை தணியும். பழகினால்தான் நட்பு வளரும். தோட்டங்களை விட்டு வெளியேறிய பல குடும்பங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளில் பிற இனத்தவரோடு அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றன. ஆண்டுக்கொரு நாள் திறந்த இல்ல உபசரிப்பு மட்டும் போதாது. கூட்டுப்பணியில் இணைவதும், நோயுற்ற அண்டை வீட்டாரை நலம் விசாரிப்பதும், பள்ளியில் பிற இன மாணவருடன் ஒரே குழுவில் பயில்வதும் அவசியம். ஒரு கை தட்டினால் ஓசை எழாது என்பர். ஆயினும், முதலில் நீளும் கை நம்முடையதாக இருக்கட்டும்.