விடையாய்ச் சுருங்கிய நூல்கள்

கோலியனூர் கூட்டுச்சாலையைச் சூழ்ந்த ஊர்களில் அரசுப்பணித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞரிடம் தமிழின் முதல் புதினம் எதுவெனக் கேட்டால், நொடியில் விடை வரும்: மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’, 1879. அந்நூலைப் படித்ததுண்டா என்று அடுத்துக் கேட்டால், பெரும்பாலும் மௌனமே மிஞ்சும். குற்றம் இளைஞருடையதன்று. நூலைக் கையில் தராமல் அதன் பெயரையும் ஆண்டையும் மட்டும் உருப்போடச் செய்த கல்விமுறையே இதற்குப் பொறுப்பேற்க வேண்டும்.

இழப்பு சிறிதன்று. வேதநாயகர் முன்சீப்பாகப் பணியாற்றியவர். தன் வழக்கில் என்ன வாதாடப்படுகிறது என்று வழக்காளிக்கே விளங்காத கொடுமையை அருகிருந்து கண்டவர். தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து வெளியிட்டதோடு அமையாமல், நீதி தமிழில் நடக்கவேண்டும் என்னும் வாதத்தைத் தம் கதைக்குள்ளேயே வைத்தார். விழுப்புரம் நீதிமன்ற வாயிலில், தனக்குப் புரியாத ஆங்கிலத் தாளைப் பற்றிக்கொண்டு நிற்கும் உழவருக்கு அவ்வாதம் இன்றும் பழையதாகிவிடவில்லை. அக்கதையின் நாயகி ஞானாம்பாள் ஆணுடை தரித்து ஒரு நாட்டையே ஆள்கிறாள். பெண்ணுக்குக் கல்வி எதற்கு என்று கேட்ட காலத்தில் எழுந்த கற்பனை அது! நீண்ட அறிவுரைகள் இடையிடையே கதையைத் தடுப்பது உண்மையே. பொறுமையுடன் கடந்தால் பயனுண்டு.

கலைத்திறனில் அதனை விஞ்சியது ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ என்பது எம் துணிபு. 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடராக வந்தது. ஊர்வம்பு ஒரு நல்ல குடும்பத்தின் அமைதியை எவ்வாறு தின்றுவிடும் என்பதை அத்துணை நுட்பமாக எழுதியவர், 26 வயதிலேயே மறைந்தார். மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திரம்’, இலங்கையில் சித்தி லெப்பை எழுதிய ‘அசன்பே சரித்திரம்’, திருகோணமலை சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ ஆகியவையும் அந்நூற்றாண்டின் செல்வங்களே.

சிற்றூரில் வீட்டுவரி செலுத்தும் ஒவ்வொரு குடும்பமும் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியும் சேர்த்தே செலுத்துகிறது. அவ்வரியால் வாழும் ஊர்ப்புற நூலகத்தில் தேர்வு வழிகாட்டிகள் இருக்கட்டும். அவை வேலை தேடுவோருக்கு இன்றியமையாதவை. ஆனால் அவ்வழிகாட்டிகள் பெயரளவில் குறிப்பிடும் மூலநூல்களும் அதே அலமாரியில் இருக்கவேண்டும். இவற்றின் காப்புரிமைக் காலம் முடிந்து நெடுநாளாயிற்று. பதிப்பிக்க எவரிடமும் இசைவு பெற வேண்டியதில்லை. மாவட்ட நூலக ஆணைக்குழு கோலியனூர் ஒன்றியத்து நூலகங்களிலிருந்தே இதனைத் தொடங்கலாம். பெரிய எழுத்தில், அருஞ்சொற்பொருளுடன் அமைந்த பதிப்புகளையே வாங்கவேண்டும். வார இறுதி மாலைகளில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் சூழ்ந்திருந்து கேட்க நூலகர் ஏற்பாடு செய்யவேண்டும். முதலில் எடுக்கவேண்டியது ‘கமலாம்பாள் சரித்திரம்’. அதன் ஊரும் மாந்தரும் நம்மவர்க்கு அயலல்லர். வேதநாயகரை அதன்பின் படிப்பது எளிது.