மயிற்பொறியும் மந்திரமும்: கிளார்க் விதியின் பிறழ்பயன்பாடு

மிக வளர்ந்த தொழில்நுட்பத்தை மாயத்தினின்று பிரித்தறிய இயலாது என்பது ஆர்தர் சி. கிளார்க்கின் மூன்றாம் விதியாகும். அறிவியல் புனைகதை பற்றி எழுதுவோர் சிலர் இவ்விதியைக் காட்டி, இரண்டும் ஒன்றேயெனத் துணிகின்றனர். அவ்வாறாயின் விக்கிரமாதித்தன் கதைகளும் அறிவியல் புனைகதைகளே. சீவக சிந்தாமணியின் மயிற்பொறியும் விமானமே. இம்முடிபு ஏற்புடைத்தன்று.

விதி சுட்டுவது காண்போரின் அறியாமையை மட்டுமே. இதற்குக் கிளார்க்கின் படைப்பே சான்று. 1973இல் வெளிவந்த ‘ராந்தேவூ வித் ராமா’ புதினத்தில், சூரியக் குடும்பத்துள் நுழையும் அயற்கலத்தை ஆக்கியோர் யார், அவர்தம் நோக்கம் யாது என்பன இறுதிவரை விளங்குவதில்லை. ஆயினும் அதனுள் புகுவோர் கைகூப்பி நிற்பதில்லை, அளக்கின்றனர். ஏறத்தாழ 50 கி.மீ. நீளமுள்ள அவ்வுருளை நான்கு நிமிடங்களுக்கு ஒருமுறை சுழல்கிறது. அச்சில் எடையில்லை, சுவரை நோக்கி இறங்குந்தோறும் எடை மிகுகிறது. விளங்காமை வேறு, வினவ இயலாமை வேறு.

திருத்தக்கதேவரும் இவ்வேறுபாட்டைப் பேணியுள்ளார் என்பதை மேற்படி ஆய்வாளர் காணத் தவறுகின்றனர். மயிற்பொறி சச்சந்தன் கைவினைஞனைக் கொண்டு செய்வித்தது. அதனைச் செலுத்த விசயை பயிற்சி பெறுகிறாள். வலப்புறம் திருகின் எழும்; இடப்புறம் திருகின் இறங்கும். கட்டியங்காரனின் வெற்றி முரசு கேட்டு அவள் மயங்கியதும் மயில் சுடுகாட்டில் இறங்கிவிடுகிறது. இயக்குவார் கை சோர்ந்தால் பொறியும் சோரும். அதே காப்பியத்தில் சுதஞ்சணன் சீவகனுக்கு அருளும் மூன்று மந்திரங்களுக்கோ செய்தவனும் இல்லை, திருகும் இல்லை. இயக்கனின் நன்றியுணர்வே போதுமானதாகிறது. மயிற்பொறி பறக்கும் முறையைக் காப்பியம் விளக்கவில்லை; ஆதலின் அதனை அறிவியல் எனல் மிகை. மாயமெனல் அதனினும் பிழை.

இது வெறும் வகைமைச் சிக்கல் என ஒதுக்கற்பாலதன்று. ‘வைமானிக சாஸ்திரம்’ 1904க்கு முற்பட்டதன்று என்றும், அதன் கலங்கள் பறக்கத் தகுதியற்றன என்றும் பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர் ஐவர் 1974இல் நிறுவினர். எனினும் 2015இல் மும்பையில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் பண்டைய விமானவியல் பற்றிய கட்டுரை படிக்கப்பெற்றது. மயிற்பொறியை ‘உலகின் முதல் விமானம்’ என எழுதும் நம் ஆய்வேடுகளும் அவ்வரிசையிலேயே நிற்கின்றன. அவற்றில், திருத்தக்கதேவரின் கற்பனைக்குரிய புகழ் என்றும் வாழ்ந்திராத ஒரு பொறியாளனுக்குச் சென்று சேர்கிறது.