மாமாவின் காரும் ஜூஸ் பாட்டிலும்

போன இதழில் ஆவக்காய் பூசணம் பிடிக்காமல் இருக்க வழி எழுதியிருந்தேன். இந்தத் தடவை கார் ரிப்பேர் பற்றி என்றதும் என் பெண் சிரித்தாள். சிரிக்கிற விஷயமாக அது முடியவில்லை, சகோதரிகளே!

என் மாமனாரிடம் 1978-ம் வருஷத்துப் பிரீமியர் பத்மினி ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டில் இன்னமும் அதற்கு ஃபியட் என்றுதான் பேர். ஞாயிற்றுக்கிழமை துடைத்து, ஒரு சுற்று போய்வருவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. என்னவர் அந்தப் பக்கமே போக மாட்டார்.

அந்தக் காரோடு வந்த பெட்ரோல் பம்பு எஞ்சினோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சித்திரை வெயிலில் பம்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி, கார் நடுரோட்டில் நின்றுவிடும். ஃபியட் வைத்திருந்தவர்கள் பம்பின் மேல் ஈரத்துணி போட்டது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்தத் தொல்லை தாங்காமல், மாமா பல வருஷம் முன்பே கடையில் ஒரு எலெக்ட்ரிக் பம்பு வாங்கி எஞ்சினுக்கு எட்டினாற்போல் மாட்டிவிட்டார். சாவியைத் திருப்பினால் டக் டக் டக் என்று வேகமாக அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் தானாக அடங்கிவிடும்.

இந்த வருஷம் அந்த டக் டக் வரவில்லை. ஸ்பேனர் பிடியால் மெல்லத் தட்டினால் பத்து நிமிஷம் ஓடும், மறுபடி நிற்கும். மெக்கானிக் தம்பி, "புது கார் பம்பு ஒண்ணு போட்டுடலாம் சார்" என்றான். மாமா ஒப்பவில்லை. கார்புரேட்டருக்கு மூன்று நாலு பவுண்டு அழுத்தம் போதுமாம். இஞ்செக்‌ஷன் கார் பம்பு நாற்பது பவுண்டுக்கு மேல் தள்ளுமாம். பெட்ரோல் வழிந்து தீப்பிடிக்கவா?

மாமாவுக்கு இப்போது கை நடுக்கம். "ஏம்மா, பூ தொடுக்கிற கை உன்னுது. நீ பிரி, நான் சொல்றேன்" என்றார். முதலில் பாட்டரி ஒயரைக் கழற்றச் சொன்னார். அப்புறம் அடுப்பில் கொதித்த ரசத்தை அணைக்கச் சொன்னார். சமையலறை ஜன்னல் கார் நிற்கிற பக்கம்தான் திறக்கிறது. வாசலில் கொசுவர்த்திகூட வேண்டாம் என்றுவிட்டார்.

மூடியைத் திறந்தால், மிளகளவில் இரண்டு பாயிண்டுகள் கரிந்து கிடந்தன. இவை தொட்டால் கரண்ட் ஓடி, காந்தம் ரப்பர் சவ்வை இழுக்கும், பெட்ரோல் உள்ளே வரும். பிரிந்தால் ஸ்பிரிங் சவ்வைத் தள்ளும், பெட்ரோல் வெளியே போகும். அவ்வளவுதான் அந்த டக் டக்! கெட்டிக் காகிதத்தைப் பாயிண்டுகளுக்கு நடுவில் வைத்து இழுத்து இழுத்துத் துடைத்தேன். சவ்வோ, பழைய குக்கர் காஸ்கெட் மாதிரி இறுகிப்போயிருந்தது. இப்போது பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலக்கிறார்களே, பழைய ரப்பர் அதற்குத் தாங்காதாம். ஜி.பி. ரோடில் அலைந்து சவ்வும், எத்தனால் தாங்கும் ரப்பர் குழாயும் வாங்கி வந்து மாட்டினோம்.

ஓடுகிறதா என்று பார்க்க, கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, சாவியைத் திருப்பினோம். பெட்ரோல் துள்ளித் துள்ளி விழுந்தது. மாமா முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்தச் சந்தோஷத்தில் பாட்டிலைப் படியில் வைத்துவிட்டு, குழாயை மாட்டத் திரும்பினேன். கைக்குக் கிடைத்ததென்று நான் எடுத்தது காலி ஜூஸ் பாட்டில்.

பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு மூன்று வயசு. இருமல் சத்தம் கேட்டுத் திரும்பினால், பாட்டில் அதன் கையில். ஒரு வாய் குடித்துவிட்டிருக்கிறது. அதன் அம்மா உப்புத் தண்ணீரோடு ஓடி வந்தாள். "வாந்தி எடுக்க வைக்காதே!" என்று மாமா போட்ட சத்தத்தில் தெருவே திரும்பியது. நனைந்த சட்டையைக் கழற்றி, மேலைச் சோப்புப் போட்டு அலம்பி, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம்.

மாமா சொன்னதையே டாக்டரும் சொன்னார். பெட்ரோல், மண்ணெண்ணெய் குடித்த குழந்தையை வாந்தி எடுக்க வைத்தால், அது நுரையீரலுக்குள் போய்விடும். வயிற்றைவிட அங்கேதான் ஆபத்து. குழந்தை நன்றாக விளையாடினாலும் உடனே கூட்டிவர வேண்டும். இருமலும் மூச்சிரைப்பும் சில மணி நேரம் கழித்தும் வரலாம். டாங்கிலிருந்து குழாய் வைத்து வாயால் பெட்ரோல் உறிஞ்சும் பெரியவர்களுக்கும் இதே கதிதானாம். (எத்தனை ஆண்கள் செய்கிறார்கள், பாருங்கள்!) எக்ஸ்ரே எடுத்து, ராத்திரி பூரா வைத்திருந்து, மறுநாள் காலையில் அனுப்பினார்கள். அந்த ராத்திரி நான் கண் மூடவில்லை. அந்தத் தாய் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

மறுநாளே ஒரு தகர கேன் வாங்கி, பெட்ரோல் என்று பெரிதாக எழுதி, பரணில் பூட்டி வைத்தோம். வீட்டிலிருந்த காலி பாட்டில்களை எல்லாம் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டேன். பினாயில் ஊற்றி வைத்திருந்ததும் அதில் ஒன்றுதான் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பம்பு இப்போது சரியாக இருக்கிறது. எஞ்சின் ஓடாதபோதும் அது நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால், எங்கோ காற்று இழுக்கிறது அல்லது பெட்ரோல் கசிகிறது என்று அர்த்தமாம். ஞாயிறுதோறும் மாமா சாவியைத் திருப்ப, நான் சமையலறையிலிருந்தே காதைக் கொடுத்துக் கேட்கிறேன்.