கிண்ணத்தை வெல்வது யார்?

வெற்றிக் கிண்ணமொன்று நாட்டிற்கு வந்துசேர்ந்த மறுநாட் காலையில் பத்திரிகைகள் ஒருவருடைய முகத்தையே பெரிதாக அச்சிடுகின்றன. ஏனையோர் அப்படத்தின் ஓரங்களிலே தோளும் கையுமாகத் தென்படுவர். இப்பழக்கம் நாளடைவில் ஒரு கோட்பாடாகவே உருப்பெற்றுவிட்டது. பிறவித் திறமை வாய்ந்த ஒருவர் கிடைத்தாற் போதும், வாகை தானே வந்து சேரும். ஆகவே அத்தகையோரைத் தேடிப் பிடிப்பதே விளையாட்டு வளர்ச்சியாகும் என்பர். இது பிழையான கோட்பாடு. அதனினும் மேலாக, சிலருக்கு மிகவும் வசதியான பிழை.

இக்கோட்பாட்டினர் தமக்குச் சாதகமாக முன்னிறுத்தக்கூடிய மிக வலுவான சான்று தர்ஜினி சிவலிங்கம் ஆவார். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இவ்வீராங்கனையின் உயரம் 208 சென்ரிமீற்றர். 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணிகளில் அவர் ஆடினார். 2018 இல் சிங்கப்பூரிலே, போட்டியை நடத்திய நாட்டையே இறுதியாட்டத்தில் 69-50 என்று இலங்கை வென்றபோது, வளையத்தின் கீழ் அவர் நின்ற காட்சியைக் கண்டவர்கள் “உயரம் வென்றது” என்று சொல்லி அமைந்தனர்.

அவ்வாறு சொல்பவர்கள் அவ்வாட்டத்தின் விதிகளை ஒருமுறை படித்திருக்கலாம். அணியொன்றில் எழுவர் ஆடுவர். அவர்களுள் கோல் போடும் உரிமை இருவருக்கே உண்டு. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓட முடியாது. மூன்று விநாடிகளுக்குள் அதனைக் கைவிட்டாக வேண்டும். மைதானத்தின் மூன்று பகுதிகளுள் ஒன்றை முழுவதும் தாண்டிச் செல்லுமாறு பந்தை எறிதலும் ஆகாது. தர்ஜினி நின்ற இடத்துக்குரியவரோ தமது அணி தாக்கும் பகுதியை விட்டு வெளியே காலெடுத்து வைக்க இயலாது. நடுப்பகுதிக்குச் சென்று பந்தைக் கொண்டுவர அவருக்கு உரிமையே இல்லை. பின்னாலிருந்து பந்தைப் பறித்தவள், அதனை நடுவிலே வாங்கியவள், வட்டத்தின் விளிம்பில் நின்று தக்க கணத்தில் உயர்த்தி வீசியவள் ஆகிய இவர்களுள் ஒருத்தி தவறினாலும், உலகின் மிக உயரமான வீராங்கனை வெறுங்கையுடன் நின்றுகொண்டிருப்பார்.

இது வெறும் தருக்கமன்று. ஆசியக் கிண்ணத்தை வென்ற மறு ஆண்டிலேயே, 2019 இல், லிவர்பூல் நகரில் உலகக் கிண்ணப் போட்டிகள் நடைபெற்றன. அப்போட்டிகளில் அதிக கோல்களைப் போட்டவர் தர்ஜினியே. இலங்கை பெற்ற இடமோ பதினாறு அணிகளுள் பதினைந்தாவது. திறமையே கிண்ணத்தை வெல்லுமாயின் இக்கணக்கை எவ்வாறு விளக்குவது? அவருடைய ஆற்றல் ஓராண்டிற் குறைந்துவிடவில்லை. அவரிடம் பந்து வந்துசேரும் வழியை எதிரணிகள் நடுவிலேயே அடைத்தன. அதனைத் திறக்கும் பயிற்சி ஏனையோருக்குப் போதாதிருந்தது. அவரின்றி ஆசிய வெற்றிகள் கிட்டியிருக்குமா என்று கேட்பது நியாயமே. கிட்டியிரா எனவே கொள்ளலாம். ஆயினும் அவர் மட்டும் போதாது என்பதே இங்குள்ள வழக்கு.

துடுப்பாட்டமும் இதற்கே சாட்சி கூறும். 1996 இல் அரவிந்த டி சில்வா லாகூரில் ஆட்டமிழக்காது பெற்ற 107 ஓட்டங்களை எல்லோரும் அறிவர். கல்கத்தா அரையிறுதியில், அத்தொடரையே அதிரவைத்த ஜயசூரியவும் களுவிதாரணவும் முதலாவது பந்துப் பரிமாற்றத்திலேயே வெளியேறியதைப் பலர் மறந்துவிட்டனர். அவ்விருவரையும் இழந்த பின்னரும் 251 ஓட்டங்கள் வந்தன. நட்சத்திரங்கள் உதிர்ந்த பின் எஞ்சியிருந்ததற்கே அணி என்று பெயர்.

இனி அந்த வசதி யாருடையது என்பதைப் பார்க்கலாம். திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள ஈச்சிலம்பற்றுப் போன்ற ஊர்களிலேதான் அது வெளிப்படையாகத் தெரியும். 2004 இல் ஆழிப்பேரலையையும் 2006 இல் போரினால் நேர்ந்த இடப்பெயர்வையும் கண்ட பிரதேசம் அது. ஒன்றுகூடி உழைத்தல் அங்கு புத்தகத்திற் படித்த பாடமன்று. அக்கரையிலே கரைவலை இழுப்போர் இரு கயிறுகளையும் ஒரே சீரில் இழுக்கின்றனர். ஒரு பக்கத்தார் எவ்வளவு வலியவரெனினும் மறுபக்கத்தை முந்தினால் வலை சரியும், மீன் வெளியேறும். இவ்வறிவோடு வளரும் பிள்ளைகளிடம் விளையாட்டுத்துறை வந்து கேட்பது என்ன? “உங்களுள் உயரமானவள் யார்?” என்பதே.

ஒருத்தியைத் தெரிந்தெடுத்து நகரப் பாடசாலைக்கு அனுப்பச் செலவு குறைவு. படமும் எடுக்கலாம், அறிக்கையும் எழுதலாம். ஓர் அணியை வளர்ப்பதற்கோ சமதரையான மைதானம் வேண்டும். பயிற்றுநர் ஆண்டு முழுவதும் தங்க வேண்டும். அதே பிள்ளைகள் நான்கைந்து ஆண்டுகள் பிரியாது ஆட வேண்டும். தோற்றுத் தோற்றுப் பழக வெளியூர்ப் போட்டிகளுக்கும் போக வேண்டும். இவை பணமும் பொறுமையும் கேட்பவை. திறமை வழிபாடு இச்செலவை மறைக்கும் திரையாகவே பயன்படுகின்றது. தெரிவானவள் போன பின்னர் எஞ்சிய அறுவரையும் எவரும் விசாரிப்பதில்லை. போனவளோ, தன் கைவீச்சை அறிந்த ஒருத்தியும் இல்லாத புதிய அணியொன்றில் மீண்டும் தொடக்கத்திலிருந்து ஆடுகின்றாள்.

துறைகளைப் படகிற் கடந்த காலத்தில் பயணத்தைக் காரணமாகக் காட்ட இடமிருந்தது. கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்பட்டது. ஏனைய துறைகளிலும் பாலங்கள் எழுந்துவிட்டன. திறமை தேடுவோரின் வாகனம் இப்பாலங்களின் வழியே ஈச்சிலம்பற்றுக்கு வந்து ஒருத்தியை ஏற்றிச் செல்ல முடியுமெனின், எழுவரையும் ஏற்றித் திருகோணமலைக்குப் போட்டிக்குக் கொண்டுசென்று, மாலையில் மீண்டும் ஊரிற் கொண்டுவந்து விடவும் முடியும்.