முன்னே ஒளி, பின்னே இருட்டு: பகல் விளக்கும் தானியங்கி ஹெட்லைட்டும் குறித்து எங்கள் நிலைப்பாடு

நிலைப்பாட்டின் சுருக்கம்

கார், வேன், லாரி, பேருந்து எல்லாம் உச்சி வெயிலிலும் ஹெட்லைட் போட்டபடியே ஓட வேண்டும் என்று சட்டம் கொண்டுவருவதை எங்கள் அமைப்பு ஆதரிக்கவில்லை. வெளிச்சம் குறைந்த உடனே ஹெட்லைட்டும் பின்பக்கச் சிவப்பு விளக்கும் சேர்ந்து தாமாகவே எரியும் வசதியைத்தான் எல்லாப் புதிய வாகனங்களிலும் கட்டாயமாக்க வேண்டும். வண்டி ஓடும்போது ஓட்டுநர் அதை அணைத்துவைக்க வழி இருக்கக் கூடாது.

பின்னணி

இந்தியாவில் 2017 ஏப்ரல் 1 முதல், புதிய இருசக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட்டும் எரிய வேண்டும் என்பது விதி. தொடக்கத்தில் எதிரே வந்தவர்கள் விரல்களைக் குவித்து விரித்து, ‘லைட் எரியுது’ என்று சைகை காட்டினார்கள். இன்று கண் பழகிவிட்டது. நான்கு சக்கர வாகனங்களுக்கு அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. ஆனால் பல கார்கள் டி.ஆர்.எல். எனப்படும் பகல் விளக்குடன் வருகின்றன. பைக்குக்கு இருக்கும் விதி காருக்கு ஏன் இல்லை என்ற கேள்வி எங்களிடம் அடிக்கடி வருவதால் இந்த அறிக்கையை வெளியிடுகிறோம்.

பைக்குக்குச் சரி, காருக்கு ஏன் வேண்டாம்?

பகலில் விளக்கு எரிவது ஓட்டுபவருக்குப் பாதை தெரிவதற்காக அல்ல. அவர் மற்றவர்கள் கண்ணில் படுவதற்காக. மோட்டார் சைக்கிள் அகலம் குறைந்த வண்டி. எதிரே வருபவர் அதன் தூரத்தையும் வேகத்தையும் எளிதில் தவறாகக் கணித்துவிடுவார். மலேசியா 1992இல் மோட்டார் சைக்கிள்களுக்குப் பகல் ஹெட்லைட்டைக் கட்டாயமாக்கியது. கண்ணில் படாததால் நேரும் விபத்துகள் அதன்பின் சுமார் 29 சதவீதம் குறைந்ததாக அங்கே நடந்த ஆய்வு சொன்னது. சிங்கப்பூர் 1995இல் இதே வழிக்கு வந்தது.

கார்களின் கதை வேறு. பின்லாந்து 1972இல் குளிர்கால ஊர்ப்புறச் சாலைகளில் இதைத் தொடங்கியது. ஸ்வீடன் 1977இல் ஆண்டு முழுவதற்கும் சட்டமாக்கியது. சூரியன் தாழ்வாகவே நகரும் வடதுருவப் பக்கத்து நாடுகள் அவை. அங்கே பொருந்தியது, நண்பகலில் சூரியன் தலைக்கு மேல் நிற்கும் நம் ஊருக்கும் அதே அளவுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆஸ்திரியா 2005இல் எல்லா வாகனங்களுக்கும் பகல் விளக்கைக் கட்டாயமாக்கி, 2008 தொடக்கத்தில் அதைத் திரும்பப் பெற்றது. எல்லா வண்டியிலும் விளக்கு எரிந்தால் பைக்கின் விளக்கு கூட்டத்தில் கரைந்துபோகும் என்ற வாதத்துக்கு அங்கே வலு இருந்தது. இருசக்கர வாகனம் நிறைந்த தமிழ்நாட்டுச் சாலையில் அந்த வாதத்தை நாங்கள் இன்னும் கூடுதலாகவே மதிக்கிறோம்.

காரில் பகல் விளக்கே கூடாது என்பதல்ல இதன் பொருள். ஐரோப்பிய ஒன்றியம் 2011 பிப்ரவரி முதல் புதிய கார் வகைகளில் கட்டாயமாக்கியது, அதற்கென்றே வடிவமைத்த சிறு விளக்கைத்தான். வாகனத்தில் தரமாகப் பொருத்தி வரும் அந்த விளக்கை நாங்கள் எதிர்க்கவில்லை. அது இருந்தால் போதும் என்ற எண்ணத்தைத்தான் எதிர்க்கிறோம்.

உண்மையான ஆபத்து அந்தி நேரத்தில்

பகல் விளக்கு பெரும்பாலும் வண்டியின் முன்பக்கம் மட்டுமே எரியும். மாலை ஆறரை மணி, மழை, ஜி.எஸ்.டி. சாலை என்று வைத்துக்கொள்வோம். கார் ஓட்டுபவருக்குத் தன் பகல் விளக்கின் வெளிச்சம் முன்னே போகும் வண்டியில் பட்டுத் தெரிகிறது. டேஷ்போர்டின் டிஜிட்டல் திரை பளிச்சென்று இருக்கிறது, தெருவிளக்கும் எரிகிறது. லைட் போட்டிருக்கிறோம் என்றே அவர் நம்புகிறார். பின்பக்கமோ முழு இருட்டு. அவர் பிரேக்கை மிதிக்கும் வரை, பின்னால் வரும் லாரி ஓட்டுநரைப் பொறுத்தவரை அந்தக் கார் சாலையிலேயே இல்லை. பழைய கார்களில் லைட் போட்டால்தான் மீட்டர் முள் தெரியும். இருட்டான மீட்டரே ஒரு எச்சரிக்கை. எந்நேரமும் ஒளிரும் திரை வந்ததும் அந்த எச்சரிக்கை போய்விட்டது.

பகல் விளக்கை வெகு காலம் முன்பே, 1990இலேயே, கட்டாயமாக்கிய கனடா இந்தச் சிக்கலை நேரில் பார்த்தது. 2021 செப்டம்பர் முதல் அங்கே புதிய வாகனங்களுக்கு மூன்று வழிகளில் ஒன்று கட்டாயம்: பகல் விளக்கோடு பின்விளக்கும் எரிய வேண்டும், அல்லது இருட்டினால் எல்லா விளக்கும் தாமாக எரிய வேண்டும், அல்லது ஓட்டுநருக்கு உறைக்கும்படி டேஷ்போர்டு இருட்டாகவே இருக்க வேண்டும். ஜப்பானோ 2020 ஏப்ரல் முதல் புதிய கார் வகைகளில் தானியங்கி ஹெட்லைட்டையே கட்டாயமாக்கிவிட்டது.

நம் விதியிலும் ஒரு குறை இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 105ஆம் விதி, சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழிந்த பிறகும், போதிய வெளிச்சம் இல்லாத எந்த நேரத்திலும் விளக்கு எரிய வேண்டும் என்கிறது. கோடையில் ஸ்டாக்ஹோமில் அந்தி வெளிச்சம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும். தமிழ்நாட்டில் அது 20 முதல் 25 நிமிடங்களில் முடிந்துவிடும். அரை மணிக் கணக்கைப் பார்த்து லைட் போடுபவர், முழு இருட்டு வந்த பிறகுதான் சுவிட்சைத் தொடுவார்.

தானியங்கியின் எல்லை

ஐ.நா.வின் 48ஆம் எண் வாகன ஒழுங்குமுறைப்படி, சுற்றுப்புற வெளிச்சம் 1,000 லக்ஸுக்குக் கீழே இறங்கினால் 2 வினாடிக்குள் டிம் லைட் எரிய வேண்டும். 7,000 லக்ஸைத் தாண்டினால் சற்று நேரம் விட்டு அணைய வேண்டும். ஆனால் சென்சார் அளப்பது வெளிச்சத்தை மட்டும்தான், எவ்வளவு தூரம் பார்க்க முடிகிறது என்பதை அல்ல. மார்கழிக் காலையில் ஓசூர் நெடுஞ்சாலையில் இறங்கும் வெள்ளைப் பனிமூட்டத்தில் வெளிச்சம் தாராளமாக இருக்கும். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. அப்போது சென்சார் பேசாமல் இருந்துவிடக்கூடும். சில கார்களில் சென்சார் டேஷ்போர்டின் மேல் ஒரு சிறு கறுப்புக் குமிழாக இருக்கும். அதன் மேல் துண்டை விரித்தாலோ பிள்ளையாரை வைத்தாலோ பட்டப்பகலிலும் ஹெட்லைட் எரியும். வண்டி வாங்கும்போதே இதையெல்லாம் காட்டிச் சொல்ல வேண்டியது விற்பவர் பொறுப்பு.

மறுப்புகளுக்கு எங்கள் பதில்

*பேட்டரியும் எரிபொருளும் வீணாகும்.* நாள் முழுக்க ஹெட்லைட் எரிந்தால் இது நியாயமான கவலை. ஒரு ஹாலஜன் டிம் பல்பு 55 வாட், இரண்டுக்கு 110. நாங்கள் கேட்பது, வெளிச்சம் குறைந்தால் மட்டும் எரிவது. அந்த நேரத்தில் எப்படியும் எரிய வேண்டிய விளக்குதான் அது.

*லைட் போடுவது ஓட்டுநர் விருப்பம்.* காவலர் நிறுத்திச் சோதிக்கும் இடத்திலோ நிறுத்திய வண்டியிலோ அணைத்துக்கொள்ளலாம். இருட்டில் ஓடும் வண்டியைப் பொறுத்தவரை, பின்னால் வருபவரின் உயிரும் அதில் இருப்பதால் அது தனி விருப்பம் ஆகாது.

*கண் கூசும்.* சரியாகப் பொருத்திய டிம் லைட் கூசாது. ஹாலஜனுக்கான பழைய ஹெட்லைட்டில் மாட்டும் வெள்ளை எல்.இ.டி. பல்புதான் கூசுகிறது. கடையில் வாங்கி ஒட்டும் எல்.இ.டி. பட்டையும் பகல் விளக்கு ஆகாது. அதன் அளவுக்கும் இடத்துக்கும் கணக்கு இல்லை.

நாங்கள் கோருவது

1. எல்லாப் புதிய நான்கு சக்கர வாகனங்களிலும் தானியங்கி ஹெட்லைட் கட்டாயம். விலை குறைந்த மாடலுக்கும் விலக்கு கூடாது.
2. முன்னால் பகல் விளக்கு எரிந்தால் பின்னால் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும்.
3. வைப்பர் தொடர்ந்து ஓடினால் விளக்குகளும் தாமாக எரிய வேண்டும்.
4. 105ஆம் விதியில் ‘அரை மணி நேரம் கழித்து’ என்பதை நீக்கி, சூரியன் மறையும் நேரம் முதல் என்று திருத்த வேண்டும்.
5. லாரி, பேருந்து, வாடகை வண்டிகளின் எஃப்.சி. சோதனையில் பின்விளக்கும் ஹெட்லைட்டின் சாய்வும் கட்டாயமாகப் பார்க்கப்பட வேண்டும்.
6. ஓட்டுநர் உரிமத் தேர்வில் பகல் விளக்கு, டிம் லைட், பின்விளக்கு வேறுபாடு பற்றிய கேள்வி இடம்பெற வேண்டும்.

விதி மாறும் வரை

ஆட்டோ சுவிட்ச் இருக்கும் கார் வைத்திருப்பவர்கள் அதை எப்போதும் ‘ஆட்டோ’விலேயே வையுங்கள். இல்லாதவர்கள், எதிரே வரும் வண்டிகள் லைட் போடும் வரை காத்திருக்காமல் முதலில் நீங்கள் போடுங்கள். மழையிலும் பனியிலும் மலைப்பாதையிலும் சுவிட்சை நீங்களே திருப்புங்கள். ஓடும் வண்டியில் நான்கு இண்டிகேட்டரையும் போடுவது அதற்கு மாற்று அல்ல. வாரம் ஒருமுறையாவது லைட்டைப் போட்டுவிட்டு இறங்கி, வண்டியின் பின்பக்கம் போய்ப் பாருங்கள்.