ஒண்ணுமே செய்யாத டப்பா

போன மாசம் நண்பன் ஒருத்தன் போன் பண்ணினான். "மச்சி, போனஸ் வந்திருக்கு. 60,000 ரூபாய்ல ஒரு ப்ரீஆம்ப் பாத்து வச்சிருக்கேன். வாங்கிடட்டா?" வீட்ல வாஷிங் மெஷின் கேட்டு ஆறு மாசமா சண்டையாம். "அதெல்லாம் வேணாம்டா, ஒரு டப்பா, ஒரு வால்யூம் கன்ட்ரோல், 4 ஆர்சிஏ சாக்கெட் போதும்"னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அப்புறம் நான் பட்ட பாடு ஞாபகம் வந்து வாயை மூடிக்கிட்டேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன்.

மொதல்ல, ப்ரீஆம்ப் எதுக்கு? எல்பி ரெக்கார்ட் காலத்துல, மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ்ல இருந்து வர்றது சுமார் 5 மில்லிவோல்ட்தான். அதைப் பெருக்காம ஒண்ணும் நடக்காது. 1982-ல சிடி வந்துச்சு. சிடி ப்ளேயர் நேரடியா 2 வோல்ட் தருது. இப்ப இருக்கற டிஏசி பெட்டிகளும் பெரும்பாலும் அதே அளவுதான். ஆனா நிறைய பவர் ஆம்ப்புக்கு முழு சத்தம் கொடுக்க 1, 1.5 வோல்ட் போதும். 1975-ல வந்த க்வாட் 405-க்கு வெறும் அரை வோல்ட்!

அதாவது, ஏற்கெனவே தேவைக்கு மேலேயே இருக்கு. அதை ஆக்டிவ் ப்ரீஆம்ப்ல இன்னும் பல மடங்கு பெருக்கி, அதே டப்பாவுல இருக்கற வால்யூம் கன்ட்ரோலால திரும்பக் குறைக்கறோம். குடத்துல தண்ணி மொண்டு வந்து பாதியைக் கொல்லையில கொட்டற மாதிரி. பாஸிவ் ப்ரீஆம்ப்ல இந்த வேலையே இல்ல. கரண்ட் கனெக்‌ஷன் கூட கிடையாது. வெறும் பொட்டன்ஷியோமீட்டர், அதாவது கடையில 'பாட்'னு கேப்போமே, அது மட்டும்தான்.

இதைப் படிச்சதும் இஞ்சினியர் மூளை துள்ளிடுச்சு. ரிச்சி ஸ்ட்ரீட் போய் 100 கிலோ ஓம்ஸ் பாட் ஒண்ணு, மலிவான ஷீல்ட் ஒயர் 5 மீட்டர் வாங்கினேன். ஒரு ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து சால்டரிங். ராத்திரி இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்' போட்டேன். மெதுவா வச்சப்ப பரவாயில்ல. சத்தத்தைக் கூட்டக் கூட்ட, வயலின் போர்வைக்குள்ள இருந்து வாசிக்கற மாதிரி ஆயிடுச்சு. "பாஸிவ் எல்லாம் டுபாக்கூர்"னு ரெண்டு மாசம் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

தப்பு என்னோடது. கணக்கு போடாம கம்பியை ஒட்டியிருக்கேன். 100 கிலோ ஓம்ஸ் பாட், சத்தத்தை 6 டெசிபல் குறைக்கற இடத்துல 25 கிலோ ஓம்ஸ் தடையா நிக்கும். அந்த ஒயர் மீட்டருக்கு 200 பிக்கோஃபாரட்னு வச்சா 5 மீட்டருக்கு 1000. ஆம்ப்போட 47 கிலோ ஓம்ஸையும் சேர்த்துப் பாத்தா, சுமார் 10 கிலோஹெர்ட்ஸ்லயே 3 டெசிபல் அடி வாங்குது. வயலின் மங்காம என்ன பண்ணும்? அதே இடத்துல 10 கிலோ ஓம்ஸ் பாட், 1 மீட்டர் ஒயர் போட்டா அந்த எல்லை 300 கிலோஹெர்ட்ஸுக்கு மேல போயிடுது. நம்ம காது 20-லயே முடிஞ்சுடும்.

மாத்தினேன். போர்வை போச்சு.

அடுத்து, தெரிஞ்சவர் ஒருத்தரோட விலை ஒசந்த ஆக்டிவ் ப்ரீஆம்ப்பை எடுத்துட்டு வந்து பக்கத்துல வச்சுக் கேட்டோம். மொதல்ல அதுதான் ஜெயிச்சுது, "உயிரோட்டமா" இருந்துச்சு. அப்புறம் 400 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில மல்டிமீட்டர் வச்சு ரெண்டோட சத்தத்தையும் சமமாக்கினோம். அதுவரைக்கும் ஆக்டிவ் கொஞ்சம் கூடுதல் சத்தத்துல ஓடிட்டிருந்திருக்கு! சமமாக்கின பிறகு, சுவத்தைப் பாத்து உக்காந்து எது ஓடுதுன்னு சொன்னேன். காசு சுண்டிப் பாத்துச் சொல்ற மாதிரிதான் இருந்துச்சு. உயிரோட்டம் எல்லாம் ஒரு டெசிபல் விவகாரம்.

அதனால என் கட்சி இதுதான். 2 வோல்ட் தர்ற சோர்ஸ், 1 வோல்ட் சுமாருக்கு முழு சத்தம் தர்ற, 25 கிலோ ஓம்ஸுக்குக் குறையாத இன்புட் உள்ள பவர் ஆம்ப், ஒண்ணு ரெண்டு மீட்டர் ஒயர். இந்த மூணும் இருந்தா தனியா ப்ரீஆம்ப்புக்கு காசைக் கொட்டாதீங்க. இதுல ஒண்ணு இல்லன்னாலும் பாஸிவ் பக்கம் போகாதீங்க. "எதையும் சேர்க்காது"ங்கறது நிஜம்தான். ஆனா "எதையும் இழக்காது"ன்னு அதுக்கு அர்த்தம் இல்ல. பாஸிவ் பக்தர்கள் பலரும் கோட்டை விடற இடம் இதுதான்.

நண்பன் கதைக்கு வருவோம். அவன் ஹால்ல பவர் ஆம்ப் ஸ்பீக்கர் பக்கத்துல, டிஏசி எதிர் சுவத்துல. நடுவுல 7 மீட்டர் ஒயர். நான் நாக்கு நுனியில இருந்ததைச் சொல்லியிருந்தா அவனும் போர்வைக்குள்ளதான் பாட்டு கேட்டிருப்பான். அவனுக்குத் தேவை கெயின் இல்ல, ஒயரைத் தள்ளிட்டுப் போக ஒரு பஃபர். நெல்சன் பாஸ் 2008-ல வெளியிட்ட பி1 சர்க்யூட் அப்படித்தான்: சிக்னலைப் பெருக்காது, தோள் மட்டும் கொடுக்கும். ஜேஃபெட் நாலஞ்சு, ஒரு பவர் சப்ளை, ஒரு ஞாயித்துக்கிழமை. 60,000 எங்கேயும் தேவைப்படல.

ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணி முடிச்சாச்சு. வீட்ல வாஷிங் மெஷின் ஓடுது. அந்த சத்தத்துல அவனுக்கு ப்ரீஆம்ப் வித்தியாசம் எங்க கேக்கப் போகுது!